மயிரிழையில் மூன்றில் ஒரு பங்கு

1

எடுத்த எடுப்பிலேயே ஒன்றை நிலைநாட்டிவிடுகிறேன். எழுதப்பட்ட சொல்லால் இந்த உலகத்தில் இதுவரை ஒரு துரும்புகூட அசைந்ததில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தப் பொருளை என்னைவிட ஆழமாக ஆராய்ந்தவர் யாரும் கிடையாது. இருந்தால் அவர் இன்னும் வெளியே வரவில்லை. பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். அங்கே கையெழுத்துப் பத்திரிகையில் மூன்று வருடமாக எழுதுகிறேன். கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஏழு கட்டுரைகள். சாம்பார் அப்படியேதான் இருக்கிறது. கல்லூரி முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டதாக இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அவரே படித்துப் பார்த்து, சந்திப்பிழை திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் சொல்லுக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் தேவதர்ஷினி. நன்றாக எழுதக்கூடியவள். அவள் கதையொன்றில் நாயகியின் அம்மா செத்தாக வேண்டும். கதையே அதற்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில் 'அம்மா ஊருக்குப் போயிருந்தாள்' என்று மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். அந்த வரியை எழுதும்போது உள்ளே தன் அம்மா இருமினாள் என்றாள். அடுத்த இதழில் நான் ஓர் அறிவிப்பு வெளியிட்டேன்: 'பேனாவுக்கு அஞ்சுவோர் சங்கம். உறுப்பினர் சேர்க்கை நடைபெறுகிறது. தலைவியின் தாயார் நலம்.' ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகு இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயத்தில் பிறந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்குள், மே 27 காலை பத்து நாற்பதுக்கு, ஒரு மனிதர் செத்துப்போகலாம். செத்தால், அதை எழுதியவன் நான்.

நான்கு நாட்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று 26.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

(அ) 'சசிகுமார் அன்று காலை கண் விழித்தபோது' — சசிகுமார் என்று ஒருவர் கிடையாது. கண் எப்படி விழிப்பார்?

(ஆ) 'சாம்பல் நிறப் புகை சூழ்ந்த கும்மிடிப்பூண்டியின் வானத்தில்' — தொழிற்பேட்டையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தப் புகையைத்தான் முதலில் ஊதுகிறார்கள். ஊதட்டும்.

(இ) 'பரத்துக்குத் தன் பெயரை மறக்க இரண்டு நாட்கள் ஆயின' — இது நல்ல வரி. ஆனால் பரத் யார் என்று இன்னும் நான் சொல்லவில்லை. தவிர, இது உண்மை. உண்மையில் தொடங்கினால் கதை என்று யார் நம்புவார்கள்?

[கதை என்று நம்பவைக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கிறது. உண்மை என்று எழுதினால் அது வாக்குமூலம். கதை என்றால் அதிகபட்சம் மதிப்பெண் குறையும்.]

(ஈ) படிவத்திலிருந்து தொடங்குவது. சரி, படிவம்.

3

போன செப்டம்பரில் முரளி சார் எங்கள் கல்லூரிக்கு வந்தார். வீடு கட்டும் இரும்புக் கம்பியை உருட்டி எடுக்கும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலர். (அப்படிப்பட்ட ஆலை அந்தப் பக்கம் நிறைய. எது என்று தேட வேண்டாம்.) தமிழில் பிழையில்லாமல் எழுதும் மாணவன் ஒருவன் வேண்டும், பகுதி நேர வேலை, முடிவில் சான்றிதழ் என்றார். தமிழ் படிப்பவனைத் தேடி ஒரு தொழிற்சாலை வந்தது எங்கள் துறை வரலாற்றில் அதுவே முதல் முறை. துறைத் தலைவர் கண் கலங்கிவிட்டார்.

வேலை, நியர் மிஸ் எழுதுவது. விபத்து நடக்க இருந்து, நடக்காமல் போனால் ஆலையில் அதற்குப் பெயர் நியர் மிஸ். மேலேயிருந்து சுத்தியல் விழுகிறது, யார் தலையிலும் படவில்லை என்றால் அது நியர் மிஸ். இதைத் தொழிலாளிகள் தாங்களே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும், மாதம் மூன்றுக்குக் குறையக் கூடாது என்பது தலைமை அலுவலகத்தின் ஆணை. தொழிலாளிகளில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். தமிழ் தெரிந்த மீதிப் பேருக்கு, எழுதினால் என்ன வரும் என்றும் தெரியும். 'நீ ஏன் அங்கே நின்றாய்' என்று மெமோ வரும். ஆகவே நடந்ததை யாரும் எழுதவில்லை. நடக்காததை எழுத நான் நியமிக்கப்பட்டேன்.

உண்மையான ஆளின் பெயரைப் போட்டால் அவருக்கு மெமோ போகும். அதனால் ஓர் ஆளை உண்டாக்கினேன். சசிகுமார், வயது 27, ஒப்பந்தத் தொழிலாளி. சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். இடது கைக்காரர். வேலை செய்யும்போது வாய்க்குள் முணுமுணுவென்று பாடுவார். ஹெல்மெட் வாரை மாட்ட மாட்டார். படிவத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. 'காரணம்' என்கிற கட்டத்தில் நுழைத்துவிடுவேன். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை சசிகுமார் பதினெட்டு முறை உயிர் தப்பினார். முரளி சார் ஒவ்வொன்றையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

படிவத்தின் கடைசிக் கட்டம், 'எடுத்த நடவடிக்கை'. தலைமை அலுவலகம் சரிபார்ப்பது அதை மட்டும்தான். சம்பவம் பொய்யாக இருக்கலாம், நடவடிக்கை பொய்யாக இருக்கக் கூடாது. தேதியும் நேரமும் விழுந்த போட்டோ வேண்டும். சசிகுமார் படிக்கட்டில் தடுக்கி விழப்பார்த்ததாக எழுதி, 'கைப்பிடி பொருத்தப்பட்டது' என்று முடித்தேன். மறுநாள் வெல்டர் வந்து கைப்பிடி பொருத்தினார். (துரும்பு அசையாது என்று சொன்னதற்கு இதை ஒரு விதிவிலக்காகக் கொள்க.)*

* இதுவரை எழுதியதை மொபைலில் படம் பிடித்து தேவதர்ஷினிக்கு அனுப்பினேன். 'இது நிஜமா?' என்று கேட்டிருக்கிறாள். 'கதை' என்று பதில் போட்டேன். 'அப்புறம் ஏன் மூணாவது பக்கத்துலேருந்து கையெழுத்து இப்படிப் போகுது?' என்று கேட்கிறாள். வாசகர்களை வகுப்பிலிருந்து பிடித்தால் இதுதான் தொல்லை.

4

மார்ச்சில் பாதுகாப்பு வாரம். பதினெட்டு முறை தப்பித்தும் ஒவ்வொன்றையும் தவறாமல் எழுதிக் கொடுத்த சசிகுமாருக்கு விருது என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முரளி சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஒப்பந்தக்காரரிடம் சொன்னார். இரண்டே நாளில் ஒப்பந்தக்காரர் ஒரு சசிகுமாரைக் கொண்டுவந்தார்.

அவர்தான் பரத். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறிக் கொட்டகை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மனைவி புவனேஸ்வரி, ஒன்றரை வயதுப் பெண். வேலை வேண்டுமானால் பெயர் சசிகுமார், வாசல் பாஸும் அந்தப் பெயரில்தான் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். "கூப்புட்டா திரும்பிப் பாத்தா போதும்னாங்க சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். முதல் இரண்டு நாள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் திரும்பினார்.

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது. பரத் இடது கைக்காரர். நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒப்பந்தக்காரர் தேடிப் பிடித்தாரா, தற்செயலா, தெரியாது. கேட்கவில்லை. ஹெல்மெட் வாரை அவர் ஒழுங்காகத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ நோட்டீஸ் போர்டைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் வார் தொங்க ஆரம்பித்தது. பாடுவதை மட்டும் இன்னும் கேட்கவில்லை. உருட்டாலைக்குள் யார் பாடினாலும் கேட்காது.

விருது ஒரு குக்கர். மூன்று லிட்டர். அட்டைப்பெட்டியின் மேல், பதினெட்டு முறை உயிர் தப்பிய தோழருக்கு என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். வாசகம் என்னுடையது. குக்கர் பொதட்டூர்பேட்டைக்குப் போயிற்று. புவனேஸ்வரி பெட்டியைப் படித்தார். வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே பதினெட்டா என்று பதறி, அந்த வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருத்தணி மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தார்.

பரத் எனக்கு மொபைலில் படம் காட்டினார். மொட்டைத் தலையில் சந்தனம். இடுப்பில் குழந்தை. நடக்காத பதினெட்டு விபத்துக்கு. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். என்ன நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

5

அடுத்து ஆலைக்குள் ஒரு வழக்கம் கிளம்பியது. காலையில் வேலை தொடங்கும் முன் ஆட்கள் வரிசையாக வந்து சசிகுமாரின் ஹெல்மெட்டைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒடியாக்காரர், பீகாரி, தமிழர் என்கிற பேதமெல்லாம் அங்கே இல்லை. இதை வைத்துப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரைகூடத் திட்டமிட்டேன். தலைப்பு 'நடமாடும் நேர்த்திக்கடன்'.

ஆனால் தொட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. ஆபத்தான இடத்தில் எல்லாம் அவரை நிற்கவைத்தார்கள். கிரேன் தூக்கும் கம்பிக் கட்டுக்கு அடியில் ஆள் நின்று கையால் வழிகாட்ட வேண்டியிருந்தால், 'சசியக் கூப்புடு, அவனுக்கு ஒண்ணும் ஆவாது' என்றார்கள். அவரும் போனார். அவருக்கே அந்த நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

ஏப்ரல் படிவம் ஒன்றில், மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்ததாகவும் சசிகுமாருக்கு மூன்றடி தள்ளி விழுந்ததாகவும் எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்து நிஜமாகவே ஒரு ஸ்பேனர் விழுந்தது. ஓரடி தள்ளி. பரத் அலுவலகத்துக்கு ஓடிவந்து, போர்டில் போட்ட மாதிரியே நடந்தது என்று சிரித்தார். மே முதல் வாரப் படிவத்தில், பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று பாதை தவறிப் பாய்ந்து ஓரடியில் போனதாக எழுதினேன். ஒன்பதாம் தேதி கம்பி பாய்ந்தது. நான்கு விரல் தள்ளி. சட்டைக் கை கருகிப்போனது. அந்தச் சட்டையோடுதான் அன்றைக்கும் சிரித்தார்.

அதிசயம் ஒன்றும் இல்லை, இது சாதாரணக் காரண காரியம் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். தப்பிப்பவர் என்று போர்டு சொல்கிறது; போர்டை நம்பி அபாயத்தில் நிறுத்துகிறார்கள்; அபாயத்தில் நிற்பவருக்குப் பக்கத்தில் எதுவாவது விழத்தான் செய்யும். தர்க்கம் சரி. ஆனால் தர்க்கத்துக்கு நடுவே ஒரு கணக்கு உட்கார்ந்திருந்தது. மூன்றடி எழுதினால் ஓரடி. ஓரடி எழுதினால் நான்கு விரல். நான் எழுதும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நடக்கிறது.

6

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் பிரதியில் முரளி சார்மேல் போட்டேன். இரண்டாவதில் சமூகத்தின்மேல். இது மூன்றுக்கும் அடுத்தது.

ஏப்ரலில், உலைப் பக்கம் வைத்திருந்த குடிநீர் டிரம் அருகே சசிகுமார் வழுக்கியதாக ஒரு படிவம் எழுதினேன். அவர் வழுக்கவில்லை. யாரும் வழுக்கவில்லை. நடவடிக்கைக் கட்டத்தை நிரப்ப வேண்டும். டிரம்மை எங்கே மாற்றலாம் என்று சுவரிலிருந்த ஆலை வரைபடத்தைப் பார்த்தேன். அதுவரை நான் அலுவலகத்தைத் தாண்டி ஆலைக்குள் கால் வைத்ததில்லை. வரைபடத்தில் எங்கு பார்த்தாலும் கோடு, கட்டம், எண். மூன்றாவது கூடத்துத் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தது. 'மூன்றாம் கூடத் தூண் அருகே மாற்றப்பட்டது' என்று எழுதினேன். மாற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அந்த இடம் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம், அதன் மேல் கிரேன் போகும். அங்கே எதையும் வைக்கக் கூடாது என்பதால் எதையும் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் கிரேன் ஓட்டும் அருணகிரி அண்ணன். சோழவரத்திலிருந்து பைக்கில் வருவார், பதினாறு வருட அனுபவம். ஒருநாள் டீ குடிக்கும்போது விசாரித்தார்.

"யாரு நைனா தண்ணி டிரம்ம கொண்டாந்து என் லோடு போற வழில வெச்சது? மேலேந்து பாத்தா எனுக்கு டம்ளர்தான் தெரியுது. ஆளு தெரில."

வாசகரே, இந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அலுவலகத்துக்கு ஓடி, அண்ணன் சொன்னதைச் சொல்லி, டிரம்மை அன்றைக்கே நகர்த்தியிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'டம்ளர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.' ஆகா, என்ன ஒரு வரி. மே மாதத்துக்கு மூன்றாவது படிவம் கிடைத்துவிட்டது.

எழுதினேன். மாதக் கோப்பு முதலிலேயே தயாராக வேண்டும் என்று முரளி சார் கேட்டிருந்ததால், முன்கூட்டியே தேதி போட்டு எழுதினேன். 28-ம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். முதல் நாள் சம்பவம் என்றால் சூடாக இருக்கும்.

நாள்: மே 27. நேரம்: காலை 10.40. இடம்: மூன்றாம் கூடத் தூண் அருகே. சம்பவம்: கிரேன் கொண்டுசென்ற கம்பிக் கட்டு ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சசிகுமார் அருகே விழுந்தது. பார்த்தவர்: பாதுகாப்புப் பயிற்சி மாணவர். (நான்தான். அலுவலகத்து ஆள் ஒருவர் பார்த்திருந்தால் கனம் கூடும் என்றார் முரளி சார்.) நடவடிக்கை: டிரம் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டது.

தூரம் என்கிற கட்டத்தில் அடியோ அங்குலமோ போட்டிருக்கலாம். இலக்கியம் படித்தவன் அல்லவா. 'மயிரிழை' என்று எழுதினேன்.

அதில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று யோசித்தது மே ஒன்பதுக்குப் பிறகுதான்.*

* இதையும் அனுப்பினேன். தேவதர்ஷினி: 'நீ இப்போ விளையாடுறியா?'

7

பயந்தவன் என்னென்ன செய்தேன் என்பதன் பட்டியல். ஒவ்வொன்றும் விஷயத்தை எப்படி மேலும் கெடுத்தது என்பதும் அடங்கும்.

முரளி சாரிடம் போய், டிரம்மை இன்றே நகர்த்திவிடலாம் என்றேன். அவர் என்னைப் பொறுமையாக உட்காரவைத்தார்.

"தம்பி, சம்பவம் இருவத்தேழாந்தேதி பத்து நாப்பதுக்கு. டிரம்ம அதுக்கு அப்புறந்தான் நகத்த முடியும். இன்னிக்கே நகத்துனா போட்டோல இன்னிய தேதி வுழும். நாளைக்கு அங்க இல்லாத டிரம்முல அவன் எப்டி தண்ணி குடிச்சான்னு கேட்டா நீ பதில் சொல்லுவியா?"

"சார், அது நான் எழுதுன கதை சார்."

"அப்ப கதைக்கு எதுக்கு பயப்படுற?"

டிரம்மை நகர்த்தச் சொன்னால் அது சம்பவம். பயமாக இருக்கிறது என்றால் அது கதை. எல்லைக்கோடு முரளி சாரின் மேஜை விளிம்பில் இருந்தது. தேவைப்பட்ட பக்கம் அவரால் அதை நகர்த்த முடிந்தது.

நானே நகர்த்தப் பார்த்தேன். டிரம் இருநூறு லிட்டர். நான் ஐம்பத்தொரு கிலோ. குழாயைத் திறந்துவிட்டுக் காலி செய்தேன். பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார்கள். கத்திரி வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஆள் மயங்கினால் அதுவும் ஒரு நியர் மிஸ் என்று முரளி சார் கடிந்துகொண்டார்.

ஆலை மேலாளரிடம் போனேன். பரத்தின் பெயரை இழுக்காமல், டிரம் கிரேன் பாதையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அக்கறையோடு கேட்டார். "எழுதிக் குடுப்பா" என்றார். எழுதிக் கொடுத்தேன். சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அதை மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, நாளை பதினோரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பத்து நாற்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே இருபது நிமிடம்.

அருணகிரி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாக ஓட்டுங்கள், அந்த வழியே வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கிரேன் ஓட்டுபவர் பெயரை அதில் போட்டிருக்கிறேனா என்று மட்டும் கேட்டார். போடவில்லை என்றேன்.

"அப்ப நான் அன்னிக்கு லீவு போட்டுக்கிறேன் நைனா. பேஜாரு இன்னாத்துக்கு."

போட்டுவிட்டார். அவர் நிரந்தரத் தொழிலாளி, போடலாம். நாளைக்கு அவர் இடத்தில் ஏறுகிறவர் இங்கே வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை. தெரிந்தால் எங்கேயாவது எழுதிவிடுவேன்.

8

நேற்று மத்தியானம் பரத்தை ஆலைக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். வடையும் வாங்கிக் கொடுத்தேன். குற்றவாளிகள் ஏன் வடை வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சசிகுமார் என்று ஒருவர் இல்லை, நான் உண்டாக்கினேன், பதினெட்டும் பொய். ஸ்பேனரும் கம்பியும் நிஜம், ஆனால் அவையும் பொய்யிலிருந்து வந்தவை. 27, பத்து நாற்பது, டிரம்.

அவர் வடையைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

"அப்ப எனக்கு முன்னாடி இருந்த சசிக்கு நடந்த அந்த பதினெட்டும்?"

"நடக்கலண்ணா."

"புவனா முடி குடுத்துச்சே சார்."

"தெரியும்ண்ணா."

ரோட்டில் லாரிகள் போயின. ஒரு லாரி நிறையக் கம்பி, பின்பக்கம் வால் மாதிரி நீண்டு ஆடிக்கொண்டே போயிற்று. அதையே பார்த்தார்.

"புவனா கைல சொல்லிடாதீங்க" என்றார்.

27-ம் தேதி லீவு போடச் சொன்னேன். இந்த வாரம் லீவு போட்டால் பாஸைப் பிடுங்கிக்கொள்வதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறாராம். தணிக்கைக்கு வருகிறவர்கள் சசிகுமாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீரை பாட்டிலில் கொண்டுவாருங்கள், டிரம் பக்கம் போகாதீர்கள் என்றேன். கொண்டுவரலாம், ஆனால் உட்காருவது எங்கே என்று கேட்டார். மூன்றாவது கூடத்தில் உலை அனல் அடிக்காத இடம் அந்தத் தூண் மறைவு ஒன்றுதான். முந்தின நாள் அனலில் ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்ததாம். நிஜப் பெயரை ஒத்துக்கொண்டுவிடலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். அதற்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தறி ஓட்டிய கை. பிடித்தால் விடாது.

"பேரும் நீங்க குடுத்தது, வேலையும் நீங்க குடுத்தது. இப்ப அத்த எடுத்துக்காதீங்க சார். நாலு மாசம் ஊட்ல குந்திகினு இருந்தேன். உங்களுக்குத் தெரியாது அது."

பிறகு கையை விட்டார். வடையில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"கடசில இன்னா எழுதிகிறீங்க? தப்பிச்சனா?"

"தப்பிச்சீங்க."

"எவ்ளோ தூரத்துல?"

'மயிரிழை' என்பதை விட்டுவிட்டு, "கிட்டக்க" என்றேன்.

"தப்பிச்சனில்ல. அது போதும்" என்று எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வாரைப் போடுங்கள் என்றேன். போட்டார். வாசலுக்குள் நுழைவதற்குள் இரண்டு பேர் வந்து ஹெல்மெட்டைத் தொட்டார்கள். உள்ளே போகும்போது வார் தொங்கிக்கொண்டிருந்தது.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: நான் பரத்தின் பேச்சைக் கேட்காமல், இன்றைக்கே வாசல் காவலரிடம் அது போலிப் பாஸ் என்று சொல்லிவிடுகிறேன். அவரை வெளியே அனுப்புகிறார்கள். அவர் பொதட்டூர்பேட்டையில், நடுப்பகலில், வேலையில்லாமல், உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். [இதை எழுதி முடித்துவிட்டு வாசல் வரைக்கும் போனேன். காவலர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அவருடைய பதிவேட்டைப் புரட்டினேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நாற்பத்தாறு பேரில் எத்தனை பேருடைய பெயர் அவரவர் பெயர் என்று காவலருக்கே தெரியாது என்பது தெரிந்தது. ஒரு பெயரை இழுத்தால் எத்தனை வரும்? திரும்பி வந்துவிட்டேன். இதைக் கோழைத்தனம் என்று எழுதினால் உண்மையாகிவிடும் என்பதால் எழுத…]

முடிவு இரண்டு: நாளை பத்து முப்பத்தைந்துக்கு நானே மூன்றாவது கூடத்துக்குப் போய், தூண் மறைவிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வருகிறேன். கட்டு விழுகிறது, அல்லது விழவில்லை. எதுவானாலும் அடியில் யாரும் இல்லை. நல்ல முடிவு. ஒரே ஒரு தடை. இடம் தயார், நேரம் தயார், டிரம் தயார், கிரேன் தயார், சசிகுமார் தயார். படிவப்படி இன்னும் அங்கே வந்து சேராதது ஒன்றே ஒன்றுதான். பார்த்தவர். நான் போய் நின்றால் படிவம் முழுமையடைந்துவிடும். போகாவிட்டால் இழுக்க ஆள் இல்லை. இதை இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன். போகத்தான் போகிறேன்.

முடிவு மூன்று: 'அன்று காலை மணி பத்து நாற்பது. மேலேயிருந்து பார்த்தபோது ஒரு டம்ளர் தெரிந்தது. கம்பிக் கட்டின் இடது முனை மெதுவாக'

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீங்களும் மனதுக்குள் முடிக்க வேண்டாம். தயவுசெய்து.*

* தேவதர்ஷினி போன் செய்தாள். எடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். ஆலையில் என்றேன். சசிகுமார் எங்கே என்றாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறார் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

10

மணி நான்கு. முரளி சார் வண்டியைக் கழுவக் கொடுக்கப் போயிருக்கிறார்; தணிக்கைக்காரர்களை அதில்தான் அழைத்துவர வேண்டும்.

பீரோவைத் திறந்து மே மாதக் கோப்பை எடுத்தேன். மூன்றாவது படிவம். முரளி சாரின் கையெழுத்து, முத்திரை, சசிகுமாரின் இடது கைப் பெருவிரல் ரேகை. (இதற்கு நிஜமான ரேகை எப்போது வாங்கினார்கள்?) கீழே என் கையெழுத்து, பார்த்தவர் என்று.

மேஜை இழுப்பறையில் வெள்ளை மை இருந்தது. மூடி இறுகிப்போயிருந்தது, பல்லால் திறந்தேன். தூரம் என்கிற கட்டத்தில் 'மயிரிழை' மேல் ஒரு தடவு தடவினேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு தடவு. காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருந்தேன். உருட்டாலைச் சத்தத்தில் மேஜை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்ந்த இடத்தில், என்னுடைய மிக நல்ல கையெழுத்தில், 10 அடி என்று எழுதினேன்.

பத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் மூன்றடி சொச்சம். கம்பிக் கட்டின் நீளம் பன்னிரண்டு மீட்டர். கட்டத்தில் எனக்கு அவ்வளவுதான் இடம் இருந்தது. இதைப் படிக்கிறவர் கையில் பேனா இருந்தால், அந்தப் பத்துக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டுவிடுங்கள். பத்து நாற்பதுக்குள்.